மெதுவாக ஒட்டிய பெட்டிகள்

உலகப் பொருளாதாரத்தைப் பற்றி டி.வி.யில் கோட்டு போட்டவர்கள் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே எங்கள் தொழிற்சாலையில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. நாங்கள் அட்டைப் பெட்டி செய்கிறவர்கள். செருப்போ, மிக்ஸியோ, செல்போனோ, எதை விற்பதாக இருந்தாலும் முதலில் அதற்கு ஒரு பெட்டி வேண்டும். கடல் தாண்டி யாரோ ஒரு புண்ணியவான் பழைய ஃபிரிட்ஜே போதும் என்று நினைத்தால் அது எங்கள் தலையில்தான் வந்து விடியும்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். எங்களுக்கு மணியோசை நன்றாகவே கேட்டது. கேட்டு என்ன பிரயோசனம்? ஒதுங்கி நிற்காமல் நாங்களே போய் யானையின் காலடியில் படுத்துக்கொண்டோம். படுக்கச் சொன்னவர் என் வீட்டுக்காரர்.

தொழிற்சாலையில் இரண்டு லைன். ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய மெஷின் அட்டையை அச்சடித்து, வெட்டி, மடிப்புக் கோடு போட்டுத் தள்ளும். சதுரப் பெட்டிகளை மெஷினே ஒட்டிவிடும். கைப்பிடி வைத்தது, ஜன்னல் வைத்தது, கோணல் மாணலானது எல்லாம் எங்கள் கை மேசைக்கு வரும். மடித்து, பசை தடவி, அழுத்தி, இருபத்தைந்தாகச் சேர்த்துக் கட்டி, கட்டின் மேல் அவரவர் நம்பர் அச்சடித்த ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். பிய்ந்துபோன பெட்டி திரும்பி வந்தால் யார் ஒட்டியது என்று பிடித்துத் திட்டுவதற்குத்தான் அந்த ஸ்டிக்கர் என்று லைனில் அத்தனை பேரும் நினைத்திருந்தோம். திட்டுவதற்கு இல்லாமல் நம் நம்பரை யார் எதற்குத் தேடப் போகிறார்கள்?

முதல் லைனுக்கு லீடர் என் வீட்டுக்காரர். நல்ல மனுஷர். எல்லோரையும் காப்பாற்ற வேண்டும் என்று நினைக்கிற நல்ல மனுஷர், அதுதான் தொல்லை. வீட்டில் ஒரு பல்பை மாற்றச் சொன்னால் ஒரு மாதம் யோசிப்பார். ஊர் விஷயம் என்றால் உட்கார்ந்த இடத்தில் திட்டம் போட்டுவிடுவார்.

என் எதிர் மேசையில் என் நாத்தனார், அவருடைய ஒரே தங்கை. லைனில் அவளுக்கு மின்னல் என்று பெயர். நான் ஒரு கட்டு முடிப்பதற்குள் அவள் இரண்டை முடித்துவிட்டு, "அண்ணி, தூங்கிட்டீங்களா?" என்று கேட்பாள். பசைத் தூரிகை அவள் கையில் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்திலும் சரி, கட்டிக்கொடுத்த வீட்டிலும் சரி, எதற்கும் லாயக்கில்லாதவள் என்று கேட்டுக் கேட்டுப் பழகியவளுக்கு இந்த மேசைதான் முதல்முதலாக வேறு மாதிரி சொன்னது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு மத்தியான வேளையில், உதடு கிழிந்து, ஒரு கைப்பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். மாப்பிள்ளையின் கைவரிசை. முறைப்படி அவன் எனக்கு அண்ணன். அந்தச் சொல் என் வாயில் வராது, வரவும் வேண்டாம். எங்களுக்கு இருப்பது ஒரே அறையும் சமையலறையும். நாங்கள் இருவரும் எங்கள் மகளும் படுத்தாலே சுவர் இடிக்கும். பீரோவுக்கும் டி.வி.க்கும் நடுவில் இவளும் படுத்தாள். எனக்கு எரிச்சல் வராமல் இல்லை, முகத்தைக் காட்டியும் இருக்கிறேன். அவள் எனக்கு முன்னால் எழுந்து பாத்திரங்களைத் துலக்கி வைத்திருப்பாள். அப்புறம் என் வீட்டுக்காரர் அவளை லைனில் சேர்த்துவிட்டார். சம்பளம் நிலையானதும் அடுத்த தெருவில் மாடியில் ஓர் அறை பிடித்தாள்.

முதல் நாள் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாள். பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. ஒரு பாய், ஒரு ஸ்டவ், கதவுக்கு உள்பக்கம் புதிதாக இரண்டு தாழ்ப்பாள். இரண்டையும் போட்டுக் காட்டினாள்.

"இந்த வேலை இருக்கிற வரைக்கும் என்னை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது அண்ணி" என்றாள்.

அவளுக்கு வேலை என்றால் அதுதான். வேலை போனால் வாடகை போகும், வாடகை போனால் அந்தக் கதவு போகும். மாப்பிள்ளை மாதம் ஒரு முறை தெருமுனையில் வந்து நின்று மேலே பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தான்.

ஆர்டர் குறைய ஆரம்பித்தது. முதலில் பெரிய பெட்டிகள் நின்றன, அப்புறம் செருப்புப் பெட்டிகள். லாரி வராத நாட்களில் வாசலில் காவல்காரர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தூங்கினார். டி.வி.யில் தினமும் நாலு பேர் உட்கார்ந்து உலகப் பொருளாதாரம் மந்தமாகும் அபாயம் உண்டா இல்லையா என்று சண்டை போட்டார்கள். என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அபாயம்னு சொல்றாங்களே, அப்படின்னா என்ன?"

"இன்னும் வரலைன்னு அர்த்தம்."

"அப்ப லாரி ஏன் வரல?"

"வந்துடுமோன்னு பயந்து எல்லாரும் கையை இறுக்கிட்டாங்க. அதான்."

நன்றாகத்தான் சொன்னார். சொன்னவரே மறுநாள் அதே பயத்தில் அதே காரியத்தைச் செய்தார்.

சாப்பாட்டு இடைவேளையில் லைனில் இருந்த எல்லோரையும் மெஷினுக்குப் பின்னால் கூட்டினார். மெஷின் நின்றிருந்ததால் மெதுவாகப் பேசினாலும் கேட்டது.

"இப்ப கையில ஒரு பெரிய ஆர்டர்தான் இருக்கு. வழக்கம்போல அடிச்சு முடிச்சோம்னா சீக்கிரமே சும்மா உக்காந்திருப்போம். சும்மா உக்காந்திருக்கிறவங்களைத்தான் முதல்ல வீட்டுக்கு அனுப்புவாங்க. இதையே கொஞ்சம் இழுத்துச் செஞ்சா, அதுக்குள்ள நிலைமை சரியாயிடும். யாரும் வெளிய போக வேண்டியதில்ல."

"எப்படி இழுக்கிறது?" என்று அச்சுப் பிரிவிலிருந்து ஒருவர் கேட்டார்.

"மையை மாத்தும்போது மட்டும் கழுவுற ரோலரை தினமும் கழுவு. பசை கெட்டியா இருக்குன்னு சொல்லு. கை மேசைக்காரங்க பாதி கட்டு போதும். எல்லாரும் ஒத்துமையா செய்யணும். ஒருத்தர் வேகமா செஞ்சாலும் மத்தவங்க மாட்டிக்குவாங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான் ஆட்டினேன். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. இருக்கிற சோற்றை நாலு பேர் பகிர்ந்து நாலு நாள் சாப்பிடுவதைப் போல. மின்னல் மட்டும் தலையாட்டவில்லை.

"அண்ணா, எனக்கு மெதுவா செய்யத் தெரியாது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"கத்துக்கோ" என்றார் அவர். "தங்கச்சிக்கே சொல்ல முடியாதவன் ஊருக்கு உபதேசம் பண்றான்னு பேச்சு வந்தா என் தலை உருளும்."

அண்ணன் தலை உருளக் கூடாது என்பதற்காக அவள் கற்றுக்கொண்டாள். பார்க்கப் பாவமாக இருக்கும். ஒரு பெட்டியை மடித்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பாள். விரல்கள் மடியிலேயே மடித்துக்கொண்டிருக்கும்.

எனக்கு அப்போது வலது மணிக்கட்டில் வீக்கம். மடிக்கிற வேலையை வருஷக்கணக்கில் செய்தால் வருகிறதுதான். டாக்டர் கையை ஆட்டாதே என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். எல்லோரும் பாதி வேலை செய்தபோது எனக்கு அந்தப் பாதியும் முடியவில்லை. அதைப் பார்த்த மின்னல் தன் கையில் மிஞ்சிய வேகத்தை என் பக்கம் திருப்பினாள். என் அட்டைகளை இழுத்துப்போட்டு ஒட்டி, கட்டி, என் ஸ்டிக்கரை எடுத்து ஒட்டிவிடுவாள்.

"ஏய், அண்ணன் பாத்தா திட்டப் போறாரு. மொத்தம் கூடிடும்" என்றேன்.

"கூடாது அண்ணி. உங்களுக்கு ஒட்டின அளவுக்கு என்னோடதைக் குறைச்சுக்கிறேன். மொத்தம் சரியா வரும்."

"உன் பேர்ல கம்மியா இருக்குமே."

"இருந்தா என்ன? அந்த நம்பர் திட்டு வாங்கத்தானே. கம்மியா இருந்தா கம்மியா திட்டுவாங்க." சிரித்தாள். "உங்க கை சரியாகட்டும். நான் உங்க வீட்ல எத்தனை நாள் படுத்திருந்தேன்!"

அந்த நாட்களில் நான் காட்டிய முகம் எனக்கு ஞாபகம் வந்தது. அவளுக்கு ஞாபகம் இருந்ததா என்று தெரியவில்லை. கைக்கு ஓய்வு கிடைத்தது. அதை நான் அனுபவித்தேன், பொய் சொல்வானேன்.

நாள் போகப் போக லைனில் சோம்பல் ஊறிவிட்டது. பாதி என்று ஆரம்பித்தது பாதியிலும் பாதியானது. மெதுவாகச் செய்வதற்கும் ஒரு போட்டி வந்துவிட்டது. யார் ரொம்ப நேரம் கழிப்பறையில் இருந்தார்கள் என்பது அன்றைய வேடிக்கைப் பேச்சு. என் நம்பர் ஒட்டிய கட்டுகள் மட்டும் குறையவே இல்லை, ஏனென்றால் அவற்றை ஒட்டியது மின்னல்.

இரண்டாவது லைனில் இதெல்லாம் நடக்கவில்லை. அவர்களுடைய லீடர் ஒரு சிடுமூஞ்சி அம்மா. ஆர்டர் வந்தால் அடித்து முடித்துவிட்டுத் தரையைக் கூட்டச் சொல்வாள். சும்மா தரையைக் கூட்டுகிறார்கள் பார் என்று நாங்கள் அவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டோம்.

ஒரு திங்கட்கிழமை காலை மேனேஜர் எங்கள் லைனுக்கு வந்தார். அவர் மோசமான ஆள் இல்லை. அன்றைக்குத் தலை வாராமல் வந்திருந்தார்.

"ரெண்டு லைன்ல ஒண்ணை நிறுத்தச் சொல்லி தலைமை ஆபீஸ்ல முடிவு பண்ணிட்டாங்க. நிலைமை மோசமாகலாம், முன்ஜாக்கிரதையா இருக்கணும்னு சொல்றாங்க." என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "உங்க லைனைத்தான் வச்சுக்கணும்னு நான் சொன்னேன். எப்பவும் உங்க லைன்தானே முன்னால நிக்கும். கொஞ்ச நாளா என்னய்யா ஆச்சு உங்களுக்கு? மணிக்கு எத்தனை அட்டை ஓடுதுன்னு மெஷின்லேருந்து நேரா அங்க போகுது. அதைக் காட்டினாங்க. என்னால வாயைத் திறக்க முடியல."

என் வீட்டுக்காரர் முகத்தில் ரத்தமே இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று சும்மா பேச்சுக்குச் சொல்வோம். பிடித்தவர் நிற்கிற நிலையை அன்றைக்குத்தான் பார்த்தேன். திட்ட வேண்டும் போல இருந்தது, அணைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்ய முடியாமல் பசைக் கிண்ணத்தை மூடி வைத்தேன்.

"உங்கள்ல சிலரை ரெண்டாவது லைனுக்கு எடுத்துக்கிறோம்" என்று மேனேஜர் தொடர்ந்தார். "லீடர் அங்க ஏற்கெனவே இருக்காங்க. கை மேசையிலேருந்து ஒரே ஒருத்தர். ஸ்டிக்கர் கணக்குல யார் மேல இருக்காங்களோ அவங்க."

என்னைக் கை காட்டினார். அந்தக் கணக்கில் கடைசியில் இருந்தது மின்னல்.

மேனேஜர் திரும்பி நடந்ததும் பின்னாலேயே ஓடினேன். அவர் அறைக்குள் போய்க் கதவைக் கூடச் சாத்தவில்லை.

"சார், அந்தக் கட்டெல்லாம் நான் ஒட்டினது இல்ல. எனக்குக் கை வீக்கம். அவதான் எனக்கும் சேர்த்து ஒட்டினா. அவளை எடுத்துக்குங்க."

அவர் வந்து கதவைச் சாத்தினார்.

"இதை நான் கேக்கல" என்றார். "ஒருத்தர் நம்பரை இன்னொருத்தர் ஒட்டினா ரெண்டு பேரையும் அனுப்பணும். அதுதான் விதி. அப்ப அந்த ஒரு இடமும் வேற யாருக்கோ போகும். அதுக்கு மேலயும் நீங்க சொல்லணும்னா சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கதவு திறந்தது. மின்னல் உள்ளே வந்து, "ஒண்ணுமில்ல சார், அண்ணிக்கு அழுகை வந்துடுச்சு" என்று என் தோளைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள். வராண்டாவில் நிறுத்தி என் முகத்தைத் துடைத்தாள்.

"பைத்தியமா அண்ணி உங்களுக்கு? அண்ணாவுக்கும் வேலை இல்ல. நீங்களும் போயிட்டா உங்க பொண்ணு எதைச் சாப்பிடுவா?"

"நீ என்னடி பண்ணுவே?"

"என் கை இருக்கே. இந்தக் கையை யாராவது எடுத்துக்க மாட்டாங்களா?"

யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஊரில் இருந்த மற்றப் பெட்டித் தொழிற்சாலைகளுக்குப் போனாள். துணிக்கடைக்குப் போனாள், ஹோட்டலில் பாத்திரம் கழுவக் கேட்டாள், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கக் கேட்டாள். எங்கேயும் கூட்டம் இருந்தது, வியாபாரமும் நடந்தது. ஆனாலும் ஒரே பதில். மந்தம் வரும் என்கிறார்களே, ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்திருக்கிறோம். வராத ஒன்றுக்காக ஊரே கதவைச் சாத்தியிருந்தது.

"இங்க வந்துடு" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். "பீரோவை வித்துடலாம், இடம் கிடைக்கும்."

அவள் தன் அண்ணனைப் பார்த்தாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். லைன் மூடிய நாளிலிருந்து அவர் தங்கையின் முகத்தைப் பார்த்துப் பேசவே இல்லை. அவள் வந்தால் எழுந்து வெளியே போவார், இல்லையென்றால் தூங்குகிற மாதிரி படுத்துக்கொள்வார்.

"நான் இங்க இருந்தா அவரு எந்திரிக்கவே மாட்டாரு அண்ணி" என்று மெதுவாகச் சொன்னாள்.

அந்த வாரம் மின்னல் எங்கள் வீட்டில் இருந்தபோது மாப்பிள்ளை வந்தான். சட்டையை இஸ்திரி போட்டு, பழம் வாங்கிக்கொண்டு, வாசலில் செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு வந்தான். அவனுக்கு நிரந்தர வேலை, உலகமே மந்தமானாலும் அவன் சம்பளம் மாதக் கடைசியில் வந்துவிடும். யார் யாருக்கோ வேலை போகிறது, இவனுக்குப் போகக் கூடாதா என்று நினைத்தேன். நினைத்ததற்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

"நடந்தது நடந்துபோச்சு" என்றான். "காலம் கெட்டுக் கிடக்கு. இந்த நேரத்துல தனியா இருக்கிறது நல்லதா, நீங்களே சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார். ஏதோ சொல்ல உதடு அசைந்தது. அவனை வெளியே போ என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொன்னால் தங்கைக்கு வேறு எந்த வழியைக் காட்டுவார்? தலையைக் குனிந்துகொண்டார்.

"போடா வெளியே" என்று நான்தான் கத்தினேன். முறை, மரியாதை எல்லாம் காற்றில் போனது. அவன் அசையாமல் சிரித்துக்கொண்டு நின்றான். மின்னல் என் கையைப் பிடித்து, வீக்கம் இருக்கிற இடத்தை விட்டுவிட்டு மேலே பிடித்து, "விடுங்க அண்ணி, நான் போறேன்" என்றாள். மறுநாள் அறையைக் காலி செய்தாள்.

நான் இரண்டாவது லைனில் சேர்ந்தேன். சிடுமூஞ்சி அம்மா என்னை நல்ல வெளிச்சம் இருந்த மேசையில் உட்கார வைத்தாள். முதல் லைனின் முதல் கை என்று மற்றவர்களுக்கு அறிமுகம் செய்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒட்டினேன். மணிக்கட்டில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஒட்டினேன். கண்ணை மூடினால் எதிர் மேசையில் மின்னலின் விரல்கள் தெரியும், அதே மாதிரி மடிக்கப் பார்ப்பேன். ஆசை இருந்தால் போதுமா? என் பக்கத்தில் இருந்தவர்கள் மூன்று கட்டு போடுகிற நேரத்தில் நான் ஒன்றோடு திணறினேன்.

"பழைய லைன்ல நல்லா செஞ்சிருக்கீங்களே" என்று அந்த அம்மா முதல் வாரம் கேட்டாள். இரண்டாவது வாரம் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என் தோளில் கை வைத்தாள். அந்தக் கையில் சிடுசிடுப்பே இல்லை, அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"மேல இருந்து தினமும் கேக்குறாங்கம்மா. என்னால இனிமே மறைக்க முடியல. இங்கயும் ஆளைக் குறைக்கச் சொல்லிட்டாங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் அடுப்பில் வைத்த பாலை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். அது பொங்கி வழிந்தது. நான்தான் அணைத்தேன். அப்போது போன் அடித்தது.

"அண்ணி, நான்தான்" என்றாள் மின்னல். குரல் சன்னமாக இருந்தது.

"எப்படிடி இருக்கே?"

"நல்லா இருக்கேன் அண்ணி. நல்லாத்தான் பாத்துக்கிறாரு." ஒவ்வொரு சொல்லையும் வாயின் ஒரு பக்கமாகப் பேசினாள், மறுபக்கம் திறக்க முடியாதவள் மாதிரி. இரண்டு வருஷத்துக்கு முன்பு எங்கள் வாசலில் நின்று அப்படித்தான் பேசினாள். "உங்க வேலை எப்படிப் போகுது?"

அடுப்பின் மேல் பால் கருகிய வாடை. என் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போய்விட்டது என்று சொல்லிவிடு என்று என் மனசு சொன்னது. வந்துவிடு, எல்லோரும் சேர்ந்தே பட்டினி கிடப்போம் என்று கத்த வேண்டும் போல இருந்தது. அப்படிச் சொன்னால் அவள் போனது வீண் என்று ஆகிவிடும்.

"நல்லா போகுது" என்றேன். "கை சரியாயிடுச்சு. இப்ப நான்தான் அங்க முதல்."

"அப்பாடா" என்றாள். அவள் அழுவது எனக்குக் கேட்டது. "அது போதும் அண்ணி. தினமும் அதைத்தான் நினைச்சுக்கிறேன். எது நடந்தாலும் அதை நினைச்சுக்கிட்டுப் பொறுத்துக்கிறேன்."

பின்னால் யாரிடம் பேச்சு என்று அவன் குரல் கேட்டது. போன் நின்றுவிட்டது.